ஆறாத துளைகளின் இனிப்பு

பிப்ரவரி கடைசியில் அமெரிக்காவின் வெர்மான்ட் மலைக்காடுகளில் மரங்களில் ஓர் இலைகூட இருக்காது. தரையில் முழங்கால் அளவுக்குப் பனி கிடக்கும். அந்த நேரத்தில் ஒரு சர்க்கரை மேப்பிள் மரத்தில் விரல் மொத்தத்தைவிடச் சிறிய ஒரு துளை போட்டால், பகல் வெயில் ஏறியதும் அதிலிருந்து தெளிந்த சாறு சொட்டத் தொடங்கும். பார்வைக்குத் தண்ணீர்தான். நாக்கில் வைத்தால் இனிக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும்; நூறு பங்கில் இரண்டு பங்கு அளவே சர்க்கரை. அதைக் காய்ச்சிக் காய்ச்சி நாற்பதில் ஒரு பங்காகச் சுண்டவைத்தால் கிடைப்பது மேப்பிள் பாகு. கனடாவின் கியூபெக் மாகாணம் மட்டுமே உலக உற்பத்தியில் சுமார் 70 சதவீதத்தைத் தருகிறது. அமெரிக்காவில் முதலிடம் வெர்மான்ட்டுக்கு.

ஒரே மரத்தில் நூறு ஆண்டுகள் சாறு எடுக்கலாம். இத்தனைக்கும் ஒவ்வோர் ஆண்டும் புதிய துளை போட்டாக வேண்டும். பழைய துளை ஒருபோதும் ஆறுவதில்லை. அப்படியானால் மரம் எப்படிப் பிழைத்திருக்கிறது? மேப்பிள் தொழிலின் நுட்பமெல்லாம், துளையின் அகலம் முதல் காட்டில் எந்த மரத்தை வெட்டுவது என்பது வரை, இந்தக் கேள்விக்குப் பதில் தேடியே வளர்ந்தது.

சர்க்கரை வரும் வழி

கோடையில் இலைகள் தயாரிக்கும் சர்க்கரையில் உடனடித் தேவைக்குப் போக மிஞ்சியதை மரம் மாவுச்சத்தாக மாற்றிக்கொள்கிறது. தண்டின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஆரங்களாக ஓடும் உயிருள்ள செல்களில் அது சேமிக்கப்படுகிறது. இலை உதிர்ந்து குளிர் இறங்கியதும் நொதிகள் அந்த மாவுச்சத்தை உடைத்து சுக்ரோஸ் ஆக்குகின்றன. நாம் காப்பியில் போடுகிறோமே, அதே சர்க்கரை. அது பக்கத்திலுள்ள நீர்க்குழல்களுக்குள் கசிகிறது. வசந்தத்தில் முதல் மொட்டை விரிக்க மரம் எடுத்து வைத்திருக்கும் முதலீடு அது.

பனையில் பதநீர் இறக்குவதைப் பார்த்தவர்களுக்கு இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றலாம். உள்ளே நடப்பது வேறு. பனம்பாளையைச் சீவும்போது வடிவது, பூவுக்கும் காய்க்கும் உணவு கொண்டுபோகும் புளோயம் என்ற உயிர்த்திசுவின் சாறு. அதில் சர்க்கரை 10 சதவீதத்தைத் தாண்டும். மேப்பிளில் வடிவது சைலம் சாறு, அதாவது வேரிலிருந்து நீரை மேலே ஏற்றும் உயிரற்ற குழல்களின் நீர். சாதாரணமாக அந்தக் குழல்களில் சர்க்கரைக்கு வேலையே இல்லை. குளிர்காலக் கடைசியில் மட்டும் அது அங்கே வந்து சேர்கிறது. கருப்பட்டி காய்ச்சுபவரைவிட மேப்பிள்காரர் பல மடங்கு தண்ணீரை ஆவியாக்க வேண்டியிருப்பதற்குக் காரணம் இந்த வேறுபாடுதான்.

இலையில்லாத மரம் ஏன் சொட்டுகிறது?

கோடையில் இலைகள் நீராவியை வெளியேற்றுவதால் மரத்தின் நீர்த்தொடர் மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. அப்போது துளை போட்டால் நீர் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். இலையே இல்லாத காலத்தில் சாற்றை வெளியே தள்ளுவது எது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. வேரின் அழுத்தம் என்று சொல்லிவிடவும் முடியவில்லை. பிர்ச் மரத்தில் சாறு வருவது வேர் அழுத்தத்தால்தான். ஆனால் வெட்டியெடுத்த மேப்பிள் தண்டைத் தண்ணீரில் நிறுத்தி உறையவைத்து உருகவிட்டால், வேரே இல்லாமல் அதிலிருந்து சாறு வடிகிறது.

1984-இல் மில்பர்ன், ஓமாலி என்ற ஆய்வாளர்கள் இருவரும் முன்வைத்த விளக்கம் இன்றுவரை அடித்தளமாக நிற்கிறது. மேப்பிளின் கட்டையில் நீர்க்குழல்களைச் சுற்றி நார்ச்செல்கள் உண்டு. வேறு பல மரங்களில் இவற்றில் நீர் நிறைந்திருக்கும். மேப்பிளிலோ பெரும்பாலும் வாயு. இரவில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போனதும் நார்ச்செல்களின் உட்சுவரில் பனிப்படிகம் படியத் தொடங்குகிறது. அது பக்கத்துக் குழல்களின் நீரைத் தன்பால் இழுத்து வளர்கிறது. குழல்களில் நீர் குறைய, வேர் மண்ணிலிருந்து புது நீரை உறிஞ்சுகிறது. நார்ச்செல்லுக்குள் இருந்த வாயுவோ பனிக்குள் சிக்கி நெருக்கப்படுகிறது. மறுநாள் வெயிலில் பனி உருகியதும் அந்த வாயு விரிந்து நீரைக் குழல்களுக்குத் திருப்பித் தள்ளுகிறது. தண்டுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிட உயர்கிறது. வழி கிடைத்த இடத்தில் சாறு வெளியேறுகிறது.

இந்த அழுத்தம் மணிக்கணக்கில் நீடிப்பதற்கு வாயு மட்டும் போதாது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. குழலுக்கும் நார்ச்செல்லுக்கும் இடைப்பட்ட சுவர் நீரை விடும், சுக்ரோஸை விடாது. அதனால் சர்க்கரை குழலிலேயே தங்கி, சவ்வூடுபரவல் மூலம் நீரையும் அங்கேயே பிடித்து வைக்கிறது. இனிப்பு வெறும் சரக்கல்ல; ஓட்டத்தை நடத்தும் விசையிலும் அதற்குப் பங்கு உண்டு.

ஆகவே மேப்பிள்காரருக்கு வேண்டியது குளிரும் அல்ல, வெயிலும் அல்ல. இரண்டும் மாறி மாறி வருவது. இரவில் மைனஸ் 4 டிகிரி செல்சியஸ், பகலில் பிளஸ் 5 டிகிரி என்றால் நல்ல ஓட்டம். தொடர்ந்து உறைபனியாக இருந்தால் ஓட்டமில்லை. தொடர்ந்து கதகதப்பாக இருந்தால் ஓரிரு நாளில் அழுத்தம் தீர்ந்துபோகும். ஆண்டில் நான்கு முதல் ஆறு வாரம் நீளும் பருவம் முழுவதும் இந்த ஊசலாட்டத்தில்தான் தொங்குகிறது.

துளையின் விலை

இன்றைய துளை எட்டு மில்லிமீட்டர் அகலம், நான்கு முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆழம். துளைப்பானில் வரும் தூள் வெளிர்நிறமாக இருந்தால் நல்ல கட்டை. பழுப்பாக வந்தால் அந்த இடம் ஏற்கெனவே செத்தது, சாறு வராது.

ஏன் செத்தது? காயம்பட்ட மனிதத் தோல் புதுச் செல்களால் அந்த இடத்தையே நிரப்பிக்கொள்ளும். மரத்தால் அது முடியாது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைச் சங்கிலி ரம்பத்தால் நெடுக்காகப் பிளந்து பார்த்து ஒன்றைத் தெளிவாக்கினார்: மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது. துளைக்கு மேலும் கீழும் குழல்களை அடைத்து, நுண்ணுயிர்கள் பரவாதபடி வேதிப்பொருள்களால் வேலி போடுகிறது. வெளியே ஓரிரு ஆண்டில் பட்டை மூடித் துளை மறைந்துவிடும். உள்ளே துளையின் கன அளவைப் போலப் பல பத்து மடங்கு கட்டை, செங்குத்தான பழுப்புப் பட்டையாகப் பயனற்றுப் போயிருக்கும். அதில் இனி நீரும் ஓடாது, மாவுச்சத்தும் சேராது.

இங்கேதான் தொழிலின் உண்மையான கணக்கு வருகிறது. மரம் ஆண்டுதோறும் பட்டைக்கு அடியில் ஒரு வளையம் புதுக் கட்டை போடுகிறது. ஒரு மரத்தின் வளையம் இரண்டு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குப் புதுக் கட்டை சேர 25 ஆண்டுகள் ஆகும். அதற்குள் துளைகள் மரத்தைச் சுற்றிவந்து பழைய இடத்துக்கே திரும்பிவிட்டால், துளைப்பான் பழுப்பைத்தான் தொடும். வளர்ச்சி துளையை முந்த வேண்டும்; முந்தினால் நூறாண்டும் எடுக்கலாம்.

அதனால்தான் விதிகள் கறாரானவை. நெஞ்சுயரத்தில் 25 சென்டிமீட்டர் விட்டத்துக்குக் குறைந்த மரத்தைத் தொடுவதில்லை. காட்டில் அந்தப் பருமன் வர நாற்பது ஆண்டுகள்கூட ஆகலாம். பெரிய மரத்துக்கு மட்டும் இரண்டாவது துளை. ஒரே மரத்தில் நான்கு வாளிகள் தொங்கிய பழைய காலம் போய்விட்டது. ஒவ்வோர் ஆண்டும் துளையைப் பக்கவாட்டில் சில சென்டிமீட்டர் நகர்த்தி, உயரத்தையும் மாற்றிப் போடுகிறார்கள்.

இந்தக் கணக்கை மறந்த காலமும் உண்டு. பருவம் பாதி கடக்கும்போதே நுண்ணுயிர்கள் பெருகுவதாலும் மரம் குழல்களை அடைப்பதாலும் துளை வறண்டுவிடும். அதைத் தடுக்க 1960-களில் துளைக்குள் பாராஃபார்மால்டிஹைடு மாத்திரை வைக்கும் வழக்கம் பரவியது. கிருமி செத்தது, சாறும் கூடுதலாக வந்தது. கூடவே மரத்தின் வேலி போடும் திறனும் குலைந்து, அழுகல் உள்ளே வெகுதூரம் ஏறியது. பின்னர் மாத்திரை தடைசெய்யப்பட்டது.

குழாயும் வெற்றிடமும்

தகர வாளி தொங்கும் மேப்பிள் படம் இன்னும் காலண்டர்களில் வருகிறது. வணிகக் காடுகளில் 1950-களின் இறுதியில் வந்த பிளாஸ்டிக் குழாய் அதை ஓரங்கட்டிவிட்டது. மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டிய மெல்லிய குழாய்கள் சரிவில் இறங்கிப் பெரிய குழாயில் சேர்ந்து, அடிவாரத்துக் காய்ச்சுக் கொட்டகைக்குப் போகின்றன. முனையில் வெற்றிடப் பம்பு. அது மரத்திலிருந்து சர்க்கரையை உறிஞ்சி எடுப்பதாக நினைக்க வேண்டாம். துளைக்கு வெளியே அழுத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவே. உள்ளே அழுத்தம் குறைவாக இருக்கும் மந்தமான நாளிலும் வித்தியாசம் இருப்பதால் சாறு வருகிறது. வாளியில் ஒரு துளைக்குப் பருவத்துக்குச் சுமார் ஒரு லிட்டர் பாகு கிடைத்த இடத்தில், நல்ல வெற்றிடத்தில் இரண்டு லிட்டர் கிடைக்கும். துளை முன்னைவிடச் சிறியது, விளைச்சல் அதிகம்.

ஆனால் குழாய்க்கு அணில் எதிரி. பற்குறி பட்ட இடத்தில் காற்று புகுந்தால் அந்த வரிசை முழுவதும் வெற்றிடம் இழக்கும். பனிச்சப்பாத்து போட்டுக்கொண்டு குழாய் நெடுக நடந்து, சீறும் ஓசையைக் காதால் கேட்டுக் கசிவைக் கண்டுபிடிப்பது பருவம் முழுவதும் தீராத வேலை.

இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. இரவில் மரம் உறையும்போது உள்ளிழுப்பு ஏற்படுகிறதல்லவா, அப்போது குழாயில் தேங்கிய பழைய சாறும் அதிலுள்ள பாக்டீரியாவும் துளைக்குள் திரும்பிப் போகும். வெர்மான்ட் பல்கலைக்கழகம் 1946 முதல் நடத்திவரும் பிராக்டர் மேப்பிள் ஆய்வு மையத்தின் திமோதி பெர்கின்ஸ் இதற்கு ஒரு சிறு பந்து வைத்த குழாய்முனையை உருவாக்கினார். சாறு வெளியே வரும்போது பந்து விலகும். திரும்பும்போது வழியை அடைக்கும். மாத்திரை செய்த வேலையை, மரத்துக்குத் தீங்கில்லாமல் ஒரு பந்து செய்துவிட்டது.

86-இன் விதி

எவ்வளவு சாற்றுக்கு எவ்வளவு பாகு என்று கேட்டால் மேப்பிள்காரர்கள் 86 என்ற எண்ணைச் சொல்வார்கள். 86-ஐச் சாற்றின் சர்க்கரைச் சதவீதத்தால் வகுத்தால், ஒரு பங்கு பாகுக்குத் தேவையான சாறு கிடைக்கும். இரண்டு சதவீதம் என்றால் 43 பங்கு. மூன்று சதவீதம் என்றால் 29 பங்குகூட வேண்டாம். ஒரே ஒரு சதவீத இனிப்பு, விறகுச் செலவில் மூன்றில் ஒரு பங்கை மிச்சப்படுத்துகிறது.

பெரிய கொட்டகைகளில் இப்போது காய்ச்சுவதற்கு முன்பே எதிர் சவ்வூடுபரவல் கருவி பாதி வேலையை முடித்துவிடுகிறது. நம் வீட்டுக் குடிநீர்ச் சுத்திகரிப்பான் செய்வதும் இதுவே. அங்கே நமக்கு வேண்டியது வெளியேறும் நீர், இங்கே வேண்டியது பின்தங்கும் சர்க்கரை. சாற்றை எட்டு சதவீதத்துக்கு அடர்த்தியாக்கினால் நான்கில் மூன்று பங்கு தண்ணீர் தீயைக் காணாமலே போய்விடும்.

மீதியை நெருப்பு பார்த்துக்கொள்கிறது. தடுப்புகள் வைத்த அகன்ற தட்டையான தொட்டியில் சாறு ஒரு முனையில் நுழைந்து, வளைந்து வளைந்து கெட்டியாகி மறுமுனைக்கு வருகிறது. நுரை பொங்கினால் ஒரு துளி வெண்ணெய் போதும். அன்றைய தண்ணீர்க் கொதிநிலையைவிடச் சுமார் நான்கு டிகிரி செல்சியஸ் கூடினால் பதம் வந்தது என்று அர்த்தம். காற்றழுத்தத்துக்கு ஏற்பக் கொதிநிலை மாறுவதால் முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பார்ப்பதுண்டு. பழைய கைகள் கரண்டியில் எடுத்துச் சாய்ப்பார்கள். சொட்டாமல் திரைபோல் விரிந்து இறங்கினால் பாகு. சர்க்கரை 66 சதவீதத்துக்குக் கீழே என்றால் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். மிகவும் ஏறிவிட்டால் புட்டியின் அடியில் கற்கண்டு கட்டும். மரம் தந்த சுண்ணச்சத்தும் மாலிக் அமிலமும் சேர்ந்து மணல்போல் படிவதை வடிகட்டி நீக்குகிறார்கள்.

மேப்பிளின் மணம் மரத்தில் இல்லை, தீயில்தான் பிறக்கிறது. பச்சைச் சாற்றைக் குளிர்நிலையிலேயே உலர்த்தினால் இனிப்பு கிடைக்கும், அந்த மணம் கிடைக்காது. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வெப்பத்தில் வினைபுரியும்போதுதான் நிறமும் வாசனையும் உண்டாகின்றன. பருவத் தொடக்கத்துச் சாற்றில் கிட்டத்தட்ட முழுவதும் சுக்ரோஸ். பாகு பொன்னிறமாக, மென்மையான சுவையோடு வரும். வெயில் ஏற ஏற பாக்டீரியாக்கள் சுக்ரோஸை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று உடைக்கின்றன. இவை விரைவாக வினைபுரிவதால் நிறம் கருக்கிறது, சுவை அழுத்தமாகிறது. மொட்டு வீங்கத் தொடங்கியதும் சாற்றின் வேதியியலே மாறி ஒரு கெட்ட வாடை ஏறும். அத்துடன் பருவம் முடிந்தது. கருநிறப் பாகு ஒருகாலத்தில் இரண்டாந்தரமாக எண்ணப்பட்டது. இப்போது சாப்பாட்டு மேசைக்கு வரும் எல்லா நிறமும் முதல்தரமே. பொன்னிறமா கருநிறமா என்பது வாங்குபவரின் விருப்பம்.

வரலாற்றின் பெரும்பகுதியில் மேப்பிள்காரர்கள் பாகில் நிறுத்தவில்லை. ஓஜிப்வே போன்ற பூர்வகுடி மக்கள் மேலும் காய்ச்சி, மரத்தொட்டியில் கிளறி, உதிரிச் சர்க்கரையாக்கி, பிர்ச் பட்டைப் பெட்டிகளில் ஆண்டு முழுவதும் வைத்துக்கொண்டார்கள். ஐரோப்பியர் இத்தொழிலைக் கற்றது அவர்களிடம்தான். பிறகு மேப்பிளுக்கு அரசியல் கனவொன்றும் வாய்த்தது. 1791-இல் ஃபிலடெல்ஃபியா மருத்துவர் பெஞ்சமின் ரஷ், அடிமைகளின் உழைப்பில் விளையும் கரீபியன் கரும்புச் சர்க்கரைக்கு மாற்று இதுவே என்று தாமஸ் ஜெஃபர்சனுக்கு எழுதினார். அடிமைகளை வைத்திருந்த ஜெஃபர்சனே தம் வர்ஜீனியா பண்ணையில் மேப்பிள் நட்டார். அவை தழைக்கவில்லை. விலையில் கரும்பு வென்றது. மலிவான வெள்ளைச் சர்க்கரை வந்தபின், மணத்துக்காகத் தேடப்படும் பாகாக மேப்பிள் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

காட்டை வளர்ப்பவர்

வளையம் பருத்தால்தான் துளையின் கடன் அடையும். வளையம் பருக்க, தலைக்கு மேலே வெளிச்சம் வேண்டும். சாறு எடுக்கும் காட்டின் பராமரிப்பு இந்த ஒரு தேவையிலிருந்து கிளைக்கிறது. நெருக்கமான காட்டில் மேப்பிள்கள் வெளிச்சத்துக்குப் போட்டியிட்டு ஒல்லியாக உயரும். கிளைவிரிவு உச்சியில் ஒரு கொத்தாக நின்றுவிடும். நல்ல மரத்தைத் தேர்ந்து, அதன் கிளைகளை நெருக்கும் பக்கத்து மரத்தை வெட்டினால் கிளை விரியும், இலை கூடும், தண்டு பருக்கும், சாறும் இனிக்கும். அகன்ற கிளைவிரிவுள்ள மரத்தின் சாறு பொதுவாக அதிக அளவில், அதிக இனிப்போடு வருகிறது. ஆனால் ஒரேயடியாக வெட்டித் திறந்துவிடக் கூடாது. நிழலில் வளர்ந்த பட்டை திடீர் வெயிலைத் தாங்காது; காற்றிலும் மரம் சாயும்.

மேப்பிளை மட்டும் விட்டு மற்றதை எல்லாம் அகற்றும் ஆசையும் பழையது. அதன் விளைவு கம்பளிப்புழு பெருகிய ஆண்டுகளில் தெரிந்தது. ஒரே இனம் நிற்கும் காட்டில் புழு ஒரு தடவையில் எல்லா இலையையும் மொட்டையடித்துவிடும். பிர்ச், பாஸ்வுட், பீச் என்று கலந்து நிற்கும் காட்டில் புழுவுண்ணும் பறவைகளும் அதிகம், சேதம் குறைவு. அதனால் நாலில் ஒரு பங்கு வேற்று மரம் இருக்கட்டும் என்பது இன்றைய அறிவுரை. இலை பறிபோன ஆண்டுக்குப் பிறகு துளை போடாமல் மரத்தை ஓயவிடுவது நல்ல மேப்பிள்காரரின் வழக்கம். அந்த ஆண்டு சேமிப்பு காலி, வளையம் மெலிந்தது, கடன் வாங்க இடமில்லை.

மண்ணும் கணக்கில் வருகிறது. சர்க்கரை மேப்பிளுக்குச் சுண்ணச்சத்து வேண்டும். தொழிற்சாலைப் புகையால் பெய்த அமில மழை பல பத்தாண்டுகள் அதை மண்ணிலிருந்து கரைத்துக்கொண்டு போனது. நியூ ஹாம்ப்ஷயரின் ஹப்பார்டு புரூக் ஆய்வுக்காட்டில் 1999-இல் ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதும் ஹெலிகாப்டரிலிருந்து சுண்ணச்சத்துள்ள வோலாஸ்டோனைட் கனிமம் தூவப்பட்டது. அடுத்த ஆண்டுகளில் அங்கிருந்த மேப்பிள்கள், தூவாத பகுதியில் இருந்தவற்றைவிடத் தெளிவாகத் தேறின.

தட்பவெப்பத்தை அப்படித் தூவித் திருத்த முடியாது. வர்ஜீனியா முதல் கியூபெக் வரை ஆறு இடங்களில் சாறோட்டத்தை அளந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் பருவத்தின் நடுப்புள்ளி சுமார் ஒரு மாதம் முன்னே நகரும் என்று கணிக்கிறது. தெற்கு எல்லையில் உறைந்து உருகும் நாள்களே குறையும். தரையில் பனிப்போர்வை மெலிந்தால் ஆழமில்லா வேர்கள் உறைந்து காயப்படும்; வளையம் குறுகும். இப்போதே ஆண்டுக்கு ஆண்டு விளைச்சல் எகிறுவதும் சரிவதுமாக இருக்கிறது. அதைச் சமாளிக்கக் கியூபெக் உற்பத்தியாளர் அமைப்பு 2000-இல் பாகுக்கென்றே ஒரு சேமக்கிடங்கு அமைத்தது.

பிராக்டர் மையத்திலிருந்தே இன்னொரு வழியும் வந்தது. உச்சியை வெட்டிய சிறு மேப்பிள் கன்றின் முனையில் வெற்றிடக் குழாயைப் பொருத்தினால், அது மண்ணிலிருந்து நீரை இழுத்துச் சர்க்கரையோடு தந்துகொண்டே இருக்கிறது. பெர்கின்ஸும் அபி வான் டென் பெர்கும் 2013-இல் இதை அறிவித்தார்கள். நாற்பது ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. ஏக்கருக்கு ஆயிரக்கணக்கில் கன்று நட்டு, கரும்புத் தோட்டம்போல் அறுவடை செய்யலாம். வடக்கே நகரும் குளிரைத் துரத்தி, தோட்டத்தையும் நகர்த்தலாம்.

அப்படிச் செய்தால் பாகு கிடைக்கும், காடு மிஞ்சாது. மேப்பிள் மலைகள் இன்றும் காடாக நிற்பதற்குக் காரணம் அறவுணர்வு மட்டுமல்ல. வெட்டி விற்பதைவிட நிற்கவைத்துச் சாறு எடுப்பது லாபம் என்பதும்தான். அந்த லாபம் தொடர, துளை போடுகிறவர் மிச்சம் வைத்துவிட்டுப் போகும் புதுக் கட்டையை அடுத்த தலைமுறை எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஆண்டு மரத்துக்கு ஒரு துளையைக் கூட்டிப்போட்டால் இந்த ஆண்டே பணம் வரும். அதற்கான நட்டம் இருபது ஆண்டு கழித்து, வேறொருவரின் துளைப்பானில் பழுப்புத் தூளாகத்தான் தெரியவரும். மேப்பிள்காரரின் திறமையை அளக்க வேண்டிய இடம் அதுதான்.